கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்

என் மகனுக்கு மூன்றரை வயது இருக்கும்போது, நாங்கள் இருவரும் விளையாடுவதை ஐந்து நிமிடம் வீடியோ எடுத்தேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து எடுத்தது. அவன் ஒரு டப்பா மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு, நான் என்ன செய்கிறேன் என்று பேப்பரில் கோடு போட்டு எண்ணினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது பதினேழு தடவை. "இது என்ன?", "என்ன கலர்?", "அம்மாவைப் பாரு" என்று கேள்வியும் கட்டளையுமாக இருபத்து மூன்று. கூப்பிட்டதற்கு அவன் திரும்பியது ஒரு தடவைகூட இல்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை அவனாகவே மூடியிலிருந்து கண்ணை எடுத்து என் முழங்கால் பக்கம் பார்த்திருக்கிறான். இரண்டு முறையும் நான் பேசிக்கொண்டிருந்தேன். கவனிக்கவே இல்லை.

"உங்கள் குழந்தைக்கு ஆட்டிசம்" என்று டாக்டர் சொல்லிக் கேட்டுவிட்டு, இனி வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பீச் தெரபிக்கோ ஆக்குபேஷனல் தெரபிக்கோ இது மாற்று கிடையாது. ஆனால் தெரபிஸ்ட் குழந்தையோடு இருப்பது வாரத்துக்குச் சில மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் அவன் நம்மோடுதான் இருக்கிறான்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிடலாம். 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைப் பற்றிய பேச்சைத் தொடங்கி வைத்தது. அதற்கடுத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அம்மாவின் மனசு குளிர்ந்துபோனதால்தான் குழந்தை ஒதுங்குகிறது என்று பெரிய பெரிய ஆட்களே பேசிக்கொண்டிருந்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் அதில் முன்வரிசை. 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் அதை உடைத்து எழுதினார். அவர் ஓர் உளவியலாளர், ஆட்டிச நிலையில் இருந்த ஒரு மகனின் அப்பா. அந்தக் கருத்து அறிவியலில் எப்போதோ செத்துப்போனாலும், "நீங்க சரியா பேசிப் பழகியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று சொந்தக்காரர்கள் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெற்றோர் செய்ய வேண்டியது இன்னது என்று யாராவது எழுதினாலே, அப்போ இதுவரை செய்யாததால்தான் இப்படியா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இல்லை. மற்ற குழந்தைகளுக்கு நம்முடைய வழக்கமான வேகமும் பேச்சும் போதும். இந்தக் குழந்தைக்கு அதே வேகம் அதிகம். நாம் மாற்றப்போவது நம் வேகத்தை, அவ்வளவுதான்.

இதற்கென்று பெயர் வைத்த முறைகள் நிறைய இருக்கின்றன. ஸ்டான்லி கிரீன்ஸ்பானும் செரீனா வீடரும் உருவாக்கிய ஃப்ளோர்டைம், 1975இல் கனடாவின் மான்ட்ரியாலில் தொடங்கிய ஹானன் மையத்தின் பெற்றோர் பயிற்சி, 1980களில் இங்கிலாந்தில் டேவ் ஹீவட், மெலனி நிண்ட் போன்றவர்கள் வளர்த்தெடுத்த இன்டென்சிவ் இன்டராக்‌ஷன், காஃப்மன் தம்பதியரின் சன்-ரைஸ், ஜொனதன் கிரீன் குழுவின் பேக்ட் (PACT). ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனிச் சொற்கள். படித்துப் பார்த்தால் அடியில் ஓடுவது கிட்டத்தட்ட ஒன்றுதான்: குழந்தை ஏற்கெனவே எதில் ஆழ்ந்திருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள், அது தரும் சின்னச் சின்ன சமிக்ஞைக்குப் பதில் சொல், அப்புறம் மெதுவாக விரி.

ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இல்லை. பேக்ட் முறையை 152 சிறு குழந்தைகளோடு சோதித்து 2010இல் முடிவு வெளியிட்டார்கள். பெற்றோரையும் குழந்தையையும் வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்துப் பேசுவதுதான் அந்த முறையின் முதுகெலும்பு. பெற்றோர் குழந்தைக்கு இசைந்து பதில் சொல்வது நன்றாகக் கூடியது. குழந்தைகளும் தாமாகப் பேச்சுத் தொடங்குவது கூடியது. ஆனால் ஆட்டிச அறிகுறிகளின் அளவுகோலில் அப்போது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. அதே குழந்தைகளில் பெரும்பாலானவர்களைச் சுமார் ஆறு வருடம் கழித்துப் பார்த்து 2016இல் வெளியிட்டபோது, பயிற்சி பெற்ற குடும்பத்துக் குழந்தைகளிடம், பெறாதவர்களைவிட அறிகுறிகளின் தீவிரம் ஓரளவு குறைவாக இருந்தது. இதையே கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். அங்கேயும் பெற்றோர் குழந்தைக்கு இசைந்து போவது கூடியது. காஃப்மன் தம்பதியர் தங்கள் மகன் ஆட்டிசத்திலிருந்து முழுதாக வெளியே வந்துவிட்டான் என்றார்கள். மற்ற குழந்தைகளுக்கும் அப்படி ஆகும் என்று நம்ப ஆதாரம் கிடையாது. அவர்கள் சொன்ன 'சேர்ந்துகொள்வது' என்ற பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், நம்பிக்கை வியாபாரத்தை விட்டுவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

காது கேட்கும் சோதனை செய்யாமல் எதையும் தொடங்காதீர்கள். அப்புறம் தூக்கம், மலச்சிக்கல், பல்வலி. பேச்சு வராத குழந்தைக்கு வயிறு வலித்தால் அது "வலிக்குது" என்று சொல்லப்போவதில்லை. ஒதுங்கும், கத்தும், தலையை முட்டும். நாம் அதை ஆட்டிசக் கணக்கில் எழுதிவிடுவோம். வலியில் இருக்கும் குழந்தையோடு எந்த விளையாட்டும் நடக்காது.

ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் கவனியுங்கள்

இந்த வாரத்தைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். நானும் தாண்டினேன், பிறகு திரும்பி வந்து செய்தேன். ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம், குழந்தையிடம் எதுவும் கேட்காமல் பாருங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். விளக்கம் எழுத வேண்டாம். "பிடிவாதம்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. "கதவை ஆறு தடவை திறந்து மூடினான், கீல் சத்தம் வந்ததும் சிரித்தான்" என்று எழுதினால் அது தகவல்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்ததில் கொஞ்சம்: "காலை, ஜன்னல். வெயில் கோட்டில் விரலை ஆட்டுகிறான். மிக்ஸி சத்தம் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு சோபாவுக்குப் பின்னால். போர்வையில் இறுக்கிச் சுற்றினால் அசையாமல் கிடக்கிறான், முகம் இளகுகிறது. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் யார் தொட்டாலும் தட்டிவிடுகிறான்."

இந்த நாலு வரியில் எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. அசையும் ஒளி பிடிக்கும். இரைச்சல் பிடிக்காது. உடம்பில் அழுத்தம் கொடுத்தால் அமைதி வருகிறது. ஏழு மணிக்கு மேல் அவனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அதுவரை நான் எட்டு மணிக்குத்தான், சமையல் முடித்துவிட்டு, அவனோடு 'விளையாட' உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் குறியுங்கள்: குழந்தை எப்படிக் கேட்கிறது? கையைப் பிடித்து இழுத்துப் போகிறதா, பொருளைக் கொண்டுவந்து மடியில் போடுகிறதா, பக்கத்தில் வந்து நின்று அழுகிறதா? பேச்சே இல்லை என்று நாம் சொல்லும் குழந்தையிடம் இப்படி ஐந்தாறு வழிகளாவது இருக்கும். அவையெல்லாம் பேச்சுதான்.

இடம், நேரம், பொருள்

அறை சின்னதாக இருந்தால் நல்லது. டிவி அணைந்திருக்க வேண்டும். உங்கள் போன் வேறு அறையில். தரையில் பொருட்கள் குறைவாக இருக்கட்டும். அவனுக்குப் பிடித்ததில் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு, ஒன்று அவனுக்கு, ஒன்று உங்களுக்கு. பிடித்த ஒன்றிரண்டைக் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கேட்க ஒரு காரணம் கிடைக்கும். எல்லாவற்றையும் அப்படி ஏற்றி வைத்துக் குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு முறை. பேக்டில் தினம் அரை மணி நேரம் வரை சொல்வார்கள். அரை மணி நேரம் என்று தீர்மானம் போட்டு மூன்றாம் நாள் விட்டுவிடுவதைவிட, பத்து நிமிடத்தை மூன்று மாதம் விடாமல் செய்வது மேல்.

சேர்ந்துகொள்வது

எனக்குத் தெரிந்தவரை இதுதான் மையம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

தரையில் உட்காருங்கள். குழந்தையின் முகத்துக்குக் கொஞ்சம் கீழே உங்கள் முகம் இருந்தால் நல்லது. நிமிர்ந்தால் தெரியும் இடத்தில் இருங்கள், நேரெதிரே மூக்கோடு மூக்காக வேண்டாம். பக்கவாட்டில், ஒரு கை தூரம் தள்ளி. அவன் மூடியைச் சுற்றினால் உங்கள் மூடியை எடுத்துச் சுற்றுங்கள். அவன் நிறுத்தினால் நிறுத்துங்கள். "ம்ம்ம்" என்று முனகினால் அதே சுருதியில் முனகுங்கள். அவனுடைய மூடியைத் தொடாதீர்கள். பேசாதீர்கள்.

முதலில் வெட்கமாக இருக்கும். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்துவிட்டு, "நீயும் சேர்ந்து இதைப் பண்ணினா அவன் எப்படி விடுவான்?" என்பார்கள். நியாயமான சந்தேகம்தான். 1984இல் ஜெரால்டின் டாசனும் ஆடம்ஸும் செய்த ஆய்விலிருந்து, டிஃபனி ஃபீல்டின் பிற்கால ஆய்வுகள் வரை, பெரியவர் தன்னைப் போலவே செய்யும்போது ஆட்டிசக் குழந்தைகள் அந்தப் பெரியவரை அதிகம் பார்க்கிறார்கள், கிட்டே வருகிறார்கள் என்றுதான் வந்திருக்கிறது. காரணம் ரொம்பப் பெரிய ரகசியம் இல்லை. மனிதர்கள் அவனுக்கு எப்போது என்ன செய்வார்கள் என்று தெரியாத, இரைச்சலான உருவங்கள். நீங்கள் அவன் செய்வதையே செய்யும்போது, இந்த ஒரு ஆளை மட்டும் முன்கூட்டியே கணிக்க முடிகிறது. அதுமட்டுமில்லை, அவன் நிறுத்தினால் இந்த ஆளும் நிற்கிறார். ஒரு மனிதரைத் தன்னால் அசைக்க முடிகிறது என்பது அவனுக்குப் புதிய செய்தி.

இதற்குக் கிடைக்கும் பதில் சின்னதாக இருக்கும். கை ஒரு நொடி நின்று பார்க்கும். கடைக்கண்ணால் உங்கள் மூடியைப் பார்ப்பான். கொஞ்சம் நகர்ந்து வருவான். வேகத்தைக் கூட்டிவிட்டு, நீங்களும் கூட்டுகிறீர்களா என்று காத்திருப்பான். இந்தக் கடைசி வகை வந்துவிட்டால் அவன் உங்களைச் சோதிக்கிறான் என்று அர்த்தம். கொண்டாட வேண்டிய நாள் அது. மனதுக்குள் மட்டும். கைதட்டிக் கூவினால் அடுத்த இரண்டு நாள் பக்கத்தில் வரமாட்டான்.

முதுகைத் திருப்பிக்கொண்டால், மூடியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனால், அது "வேண்டாம்" என்று அவன் சொன்ன பதில். பின்வாங்கி உட்காருங்கள். துரத்திப் போய் 'சேர்ந்துகொள்வது' தொந்தரவு.

எல்லாவற்றிலும் சேர்ந்துகொள்ளக் கூடாது. தன்னை அடித்துக்கொள்வது, கடித்துக்கொள்வது, பயத்திலோ வலியிலோ நடுங்கிக்கொண்டு ஆடுவது இவற்றை நகல் செய்வது கொடுமை. சந்தோஷத்தில் கையை உதறுவதற்கும் திணறலில் உதறுவதற்கும் வித்தியாசம் முகத்திலும் மூச்சிலும் தெரியும். நோட்டு எழுதிய அந்த ஒரு வாரம் இங்கேதான் கைகொடுக்கும்.

வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது

ஒரு வார்த்தை சொன்னீர்களா, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நிதானமாக. நான் மூன்று வருவதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவேன். அவன் முதல் வாக்கியத்தையே இன்னும் கேட்டு முடித்திருக்க மாட்டான்.

கேள்விகளை ஒதுக்கி வையுங்கள். பதில் தெரிந்துகொண்டே கேட்கும் "இது என்ன?", "சிங்கம் எப்படிக் கத்தும்?" எல்லாம் பரீட்சை. அதற்குப் பதிலாக அவன் பார்ப்பதை நீங்கள் சொல்லுங்கள், சுருக்கமாக: "சுத்துது." "நின்னுருச்சு." "டொம்!" பேச்சு வராத குழந்தைக்கு ஒன்றிரண்டு சொல் போதும். ஒரு சொல் பேசுகிறவனுக்கு இரண்டு மூன்று. அவனைவிட ஒரு படி மேலே, பத்துப் படி மேலே இல்லை.

சொன்னதையே திருப்பிச் சொல்லும் குழந்தைகள் நிறைய. எக்கோலாலியா என்பார்கள். இதைக் கிளிப்பேச்சு என்று ஒரு காலத்தில் நிறுத்தப் பார்த்தார்கள். 1980களில் பேரி பிரிசான்ட் போன்றவர்களின் ஆய்வுகள், அதில் கேட்பது, மறுப்பது, தன்னைத்தானே தேற்றிக்கொள்வது என்று பல வேலைகள் நடப்பதைக் காட்டின. நம் வீட்டில் இது இப்படி வரும்: தாகம் எடுத்தால் பையன் வந்து நின்று "தண்ணி வேணுமா?" என்பான். அவனுக்குத் தண்ணீர் கிடைத்த ஒவ்வொரு முறையும் காதில் விழுந்த சத்தம் அதுதானே? அவன் தப்பாகச் சொல்லவில்லை. நாம் கொடுத்த சொல்லைத்தான் திருப்பித் தருகிறான். திருத்தாதீர்கள். "இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது" வேண்டாம். அவன் வாயிலிருந்து எப்படி வர வேண்டுமோ அப்படி நீங்கள் சொல்லிக்கொண்டே கொடுங்கள்: "தண்ணி வேணும்." கானரே 1943இல் நான்-நீ மாறிப்போவதைக் குறித்திருக்கிறார். தமிழில் நமக்கு ஒரு வசதி, "வேணும்", "போதும்", "போலாம்" என்று நானும் நீயும் இல்லாமலே முழுசாகப் பேசிவிடலாம். அந்தச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்.

விளம்பரத்தில் கேட்ட ஒரு முழு வரியைச் சம்பந்தமே இல்லாமல் சொல்கிறானா? எப்போது முதல் முறை சொன்னான் என்று நோட்டில் பாருங்கள். என் மகன் ஒரு சலவைத்தூள் விளம்பர வரியைச் சொன்னால் "ஜாலியா இருக்கு" என்று அர்த்தம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

படம் காட்டிக் கேட்பது, சைகை, தொட்டால் பேசும் கருவி எதுவானாலும் தயங்காமல் கொடுங்கள். "அதைக் கொடுத்தா பேச்சு வராது" என்பது தவறு. பேச்சை அவை தடுப்பதாக ஆய்வுகளில் வரவில்லை, சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்கிறது.

ஆளையே பொம்மையாக்குவது

கிரீன்ஸ்பான் 'வட்டம்' என்று ஒன்றைச் சொல்வார். குழந்தை ஒன்று செய்கிறது, நாம் அதற்குப் பதில் செய்கிறோம், குழந்தை நம் பதிலுக்கு இன்னொன்று செய்கிறது: ஒரு வட்டம் மூடியது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வட்டம் என்று தொடங்கி, அறுந்துவிடாமல் பத்து, இருபது என்று நீட்டிக்கொண்டு போவதுதான் வேலை.

பொருளை வைத்து இதைச் செய்வது கஷ்டம், பொருள் அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். உடம்பு விளையாட்டு சுலபம். எங்களுக்குக் கைகொடுத்தது போர்வை. அவனை நடுவில் உட்கார வைத்து, முனையைப் பிடித்துத் தரையில் இழுப்பேன். நாலடி இழுத்ததும் நிறுத்துவேன். முனையைக் கையில் பிடித்தபடி, எதிர்பார்ப்போடு அவனைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருப்பேன். முதல் நாள் இறங்கிப் போய்விட்டான். நாலாம் நாள் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினான். "போலாம்!" என்று சொல்லி இழுத்தேன். பிறகு ஆட்டுவது போய், போர்வை முனையைத் தட்டுவது வந்தது. பிறகு என் கையைத் தட்டுவது. மூன்று வாரம் கழித்து ஒரு "போ…". அப்போது என் முகத்தைப் பார்த்திருந்தான். யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

இந்த விளையாட்டுகளுக்கு ஒரே விதி: ஒரே மாதிரி தொடக்கம், ஒரே மாதிரி நடு, உச்சத்துக்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தம். "ஒண்ணு… ரெண்டு…" என்று சொல்லி மூன்றை விழுங்கிவிடுவதும் இதே வித்தைதான். குழந்தைக்கு நன்றாகப் பழகிய பிறகு, ஒரே ஒரு சின்ன மாற்றம் போடுங்கள். போர்வையை எதிர்ப்பக்கம் இழுப்பது, 'தூங்கிவிட்டது' போல நடிப்பது. சிரித்தால் வைத்துக்கொள்ளுங்கள், முகம் சுருங்கினால் பழைய வழிக்கே போய்விடுங்கள்.

கண்ணைப் பார்ப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். "என் கண்ணைப் பாரு" என்று தாடையைத் திருப்பாதீர்கள். கண்ணுக்குக் கண் பார்ப்பது தங்களுக்கு எரிச்சலாக, சில சமயம் வலியாகவே இருக்கிறது, பார்த்துக்கொண்டே கேட்கச் சொன்னால் கேட்பது போய்விடுகிறது என்று வளர்ந்த ஆட்டிச நிலையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பார்வை வரும்போது வரட்டும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது காட்டுதல். எட்டாத பொருளை எடுத்துக் கொடு என்று கை நீட்டுவது ஒன்று. "பாரேன், எவ்வளவு பெரிய லாரி!" என்று நம்மிடம் பகிர மட்டும் விரல் நீட்டுவது இன்னொன்று. மற்ற குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டி வரும் இந்த இரண்டாவது, ஆட்டிசத்தில் தாமதமாக வரும், அல்லது விரல் இல்லாமல் வேறு உருவத்தில் வரும். பொருளைக் கொண்டுவந்து உங்கள் கால் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதும் காட்டுவதுதான். "ஓ, மூடி!" என்று அந்த நொடியே பதில் சொல்லுங்கள்.

மற்ற குழந்தைகளோடு

இதற்குப் பெற்றோர் அவசரப்படுகிறார்கள், பிறந்தநாள் விழாவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு அழுதுகொண்டு வருகிறார்கள். கூட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு குழந்தை, உங்கள் வீடு, இருபது நிமிடம். கொஞ்சம் பெரிய குழந்தையாக, அவசரப்படாத குழந்தையாக இருந்தால் நல்லது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொன்று செய்வதும் நல்ல விளையாட்டுதான். எல்லாக் குழந்தைகளும் அந்தக் கட்டத்தைக் கடந்துதான் வந்திருக்கின்றன. உங்கள் குழந்தைக்குப் பிடித்த விஷயத்தைச் சுற்றி ஏற்பாடு செய்யுங்கள்: பந்தைக் குழாயில் மேலிருந்து ஒருவர் போட, கீழே இன்னொருவர் பிடிப்பது மாதிரி, ஆள் இல்லாமல் விளையாட்டு நகராத ஒன்று. முடிவு எப்போது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடியுங்கள்.

வந்த குழந்தைக்கும் சொல்லிக்கொடுங்கள்: "அவன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்குவான். நீ காத்திரு." பாடம் எப்போதும் ஆட்டிசக் குழந்தைக்கு மட்டும் என்று இருப்பதை டேமியன் மில்டன் 2012இல் கேள்வி கேட்டார். அவர் ஓர் ஆய்வாளர், தானே ஆட்டிச நிலையாளர். புரிந்துகொள்ளாமை இரு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் குறையுள்ளது என்கிறோம் என்பது அவர் வாதம். பிறகு கேத்தரின் கிராம்ப்டன் குழு பெரியவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், ஆட்டிச நிலையாளர்கள் தங்களுக்குள் ஒரு கதையை வரிசையாகக் கடத்தியபோது மற்றவர்கள் அளவுக்கே நன்றாகக் கடத்தினார்கள். இரு வகையும் கலந்த வரிசையில்தான் தகவல் அதிகம் உதிர்ந்தது. அதனால் உங்கள் குழந்தைக்கு ஆட்டிச நிலையில் இருக்கும் இன்னொரு குழந்தையின் நட்பு கிடைத்தால், அதை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள்.

உடன்பிறந்தவர்களை உதவி தெரபிஸ்ட் ஆக்க வேண்டாம். அவர்களுக்கும் பத்து நிமிடம் தனியாகக் கொடுங்கள்.

போகிற வழியில்

எதுவும் நடக்காத நாட்கள் வரும். காய்ச்சல் வந்தால், வீட்டுக்கு ஆள் வந்தால், பள்ளி மாறினால், இரண்டு மாதம் பின்னால் போனது போல இருக்கும். மெல்ட்டவுன் நேரத்தில், அதாவது தாங்க முடியாமல் குழந்தை உடைந்து கத்தி அழும்போது, எதையும் கற்றுக்கொடுக்க முடியாது: சத்தத்தைக் குறையுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், பேச்சைக் குறையுங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் களைத்திருந்தால் அன்றைய பத்து நிமிடத்தை விட்டுவிடுங்கள். களைத்த முகத்தைக் குழந்தை முதலில் கண்டுபிடிக்கும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியிடம் ஆட்டிசத்தை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, "அவன் பேசாட்டா நீங்களும் பேசாதீங்க, பக்கத்துல மட்டும் உட்காருங்க" என்று ஒரு வேலையைக் கொடுத்துவிடுவது சுலபம். என் மாமனார் இதில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று தெரிந்துபோனது. அவர் இயல்பிலேயே பேசாதவர்.

குணப்படுத்துகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கீலேஷன் என்று உடம்பிலிருந்து உலோகம் இறக்குவதாகச் சொல்லிச் செய்த சிகிச்சையில் 2005இல் அமெரிக்காவில் ஒரு ஆட்டிசச் சிறுவன் இறந்தே போனான். நல்ல தெரபிஸ்ட் யார் என்று கேட்டால் எனக்கு ஒரே சோதனைதான்: உங்களை அறைக்குள் உட்கார விடுகிறாரா? கதவை மூடிக்கொண்டு "முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்று சொன்ன ஓர் இடத்தில் எட்டு மாதம் போனோம். அவன் அங்கே கலர் பெயர்கள் கற்றுக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் எங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடியும் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். அதே இடம், அதே நேரம். முதலில் உங்களை எண்ணுங்கள், அப்புறம் குழந்தையை.

எங்களுடைய இரண்டாவது வீடியோவில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இரண்டு தடவை. கேள்வி நான்கு. நான்காவது நிமிடத்தில், நான் சுற்றிவிட்ட மூடி கோணலாக ஓடிச் சாய்கிறது. அவன் அதை எடுக்கிறான், விளிம்பைச் சட்டையில் துடைக்கிறான், எப்படிச் சுற்ற வேண்டுமோ அப்படிச் சுற்றிவிட்டு, தெரிகிறதா என்பது போல என் பக்கம் பார்க்கிறான். நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதும், திறந்த வாயை அப்படியே மூடிக்கொள்வதும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது.